அழைப்பு இல்லாத வீட்டுக்கு, மலிவான பஸ்ஸில்

ஜூலை 21. கௌனஸ்.

படுக்கை கிடைத்துவிட்டது. எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல் படுக்கை. எழுபத்தாறு வயதில் ஏணி ஏறித் தூங்கப் போகிறேன். கீழ் படுக்கைக்கு இரண்டு யூரோ அதிகமாம்.

இந்த நான்கு வரிக்கு இருபது நிமிடம் ஆனது. எழுத்து மேலும் கீழும் ஆடுகிறது. பரவாயில்லை. நூலக வகுப்பில் மிஸ் கரோலன் இந்த நோட்டைக் கொடுத்தபோது, "அழகா எழுத வேண்டாம், மலாக்கி. பொய் மட்டும் எழுதாதீங்க" என்றார்.

சுவரில் இருப்பதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு டப்பாவைப் படித்தேன். தீயணைப்புக் கருவியைப் படித்தேன். போன ஆண்டு வரை எழுத்து எனக்கு முள்வேலி. இப்போது வேலி மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். இந்த நாட்டு எழுத்துக்கோ தலையில் தொப்பி, காலில் வால். வாய்விட்டுப் படிக்கிறேன். ஒன்றும் புரியவில்லை. அறையில் மற்றவர்களுக்கும் புரியவில்லை என்பதுதான் எனக்கு இனிக்கிறது.

கீழ் படுக்கையில் டீட்மர் என்று ஒரு ஜெர்மன்காரர். ஓய்வு பெற்ற பேராசிரியர். போனில் சார்ஜ் தீர்ந்ததும் மனிதர் ஆடிப்போய்விட்டார். எது ஆண்கள் குளியலறை என்று தெரியாமல் துண்டும் கையுமாக நடைவழியில் நின்றார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு கதவின் முன் படகு மாதிரிச் செருப்புகள். "அதுதான்" என்றேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்ணாடி இல்லாமப் பழகிட்டேன்."

பொய். கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. படிக்கத் தெரியாததை மறைக்க ஐம்பது ஆண்டாக இதே பொய். நோட்டில் எழுதிவிட்டேன், மிஸ் கரோலன். இனி கணக்கு சரி.

இந்த நோட்டின் நடுவில் ஒரு அட்டை இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பயணம். பக்கத்து நாடான லாட்வியாவிலிருந்து என் பேத்தி அன்ட்சே அனுப்பியது. அவளைப் பார்த்துப் பதினொரு ஆண்டு ஆகிறது. "ஜூலை 26 என் பெயர் நாள். அன்று வீட்டில் இருப்போம். அன்ட்சே." கீழே குல்டீகா என்ற ஊரின் முகவரி. பெயர் நாள் என்றால் அங்கே நாட்காட்டியில் ஒரு பெயருக்கென்று குறித்த நாளாம், பிறந்த நாள் மாதிரிக் கொண்டாடுவார்களாம். அவ்வளவுதான்.

வா என்று இல்லை. வராதே என்றும் இல்லை.

ஜூலை 22. கௌனஸ்.

இன்று இளஞ்சிவப்பாக ஒரு கிண்ணம் வந்தது. ஸ்ட்ராபெரிப் பால் என்று நினைத்துப் பெரிய மடக்காகக் குடித்தேன். பீட்ரூட். குளிர்ந்த பீட்ரூட் சூப். மோரும் வெள்ளரிக்காயும் போட்டது. கூடவே சுடச்சுட உருளைக்கிழங்கு. ஒரு வாயில் குளிர்காலம், அடுத்த வாயில் கோடை. இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன்.

பரிமாறிய பெண் சிரிக்கவே இல்லை. இங்கே யாரும் சும்மா சிரிப்பதில்லை. அயர்லாந்தில், எங்கள் கேவனில் பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநரிடம் மழை, மாடு, முழங்கால் வலி எல்லாம் பேசிவிட்டுத்தான் உட்காருவோம். இங்கே ஓட்டுநர் டிக்கெட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சாலையைப் பார்ப்பார்.

நாளை காலை லாட்வியாவின் தலைநகர் ரீகாவுக்கு பஸ். நான்கு மணி நேரம். மிக மலிவான இருக்கை, கழிப்பறைக்குப் பக்கத்தில்.

அட்டையை மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஜூலை 23. பனவேஜிஸ் பஸ் நிலையம்.

போச்சு. எல்லாம் போச்சு.

பஸ் இங்கே பத்து நிமிடம் நின்றது. இறங்கினேன். சுவர் முழுக்க நேர அட்டவணை. எவ்வளவு ஊர்ப் பெயர்கள்! ஒன்றொன்றாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனேன். பதினேழாவது ஊரில் இருந்தபோது பின்னால் சத்தம். பத்து நிமிடம் என்றால் இவர்களுக்குப் பத்து நிமிடம்தான். பதினொன்று இல்லை. என் பஸ் போய்விட்டது. அதில் என் பை. பையில் பிஸ்கட் டப்பா.

எழுபத்தைந்து வருஷம் படிக்கத் தெரியாம ஒரு பஸ்ஸையும் விட்டதில்ல. படிக்கத் தெரிஞ்சதும் விட்டுட்டேன்!

அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதித்தான் ஆக வேண்டும். அன்ட்சேயின் நான்கு கடிதங்கள், ஆண்டுக்கு ஒன்றாக. அவற்றுக்கு அடியில் ஒரு சீட்டு.

என் மகன் டெக்லனின் மனைவி விஸ்மா. எங்கள் ஊர்க் காளான் பண்ணையில் வேலை செய்ய வந்தவள். ஒரு நாள் அவளை வேலையிலிருந்து அழைத்துவரப் போன வழியில் டெக்லனின் வண்டி கவிழ்ந்தது, அவன் பிழைக்கவில்லை. அடுத்த மாதம் அவள் குழந்தை அன்ட்சேயோடு தன் நாட்டுக்குத் திரும்பினாள். போவதற்கு இரண்டு நாள் முன்பு, நான் வயலில் இருந்தபோது வந்து, என் சமையலறை மேசையில் அந்தச் சீட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு வருவதையெல்லாம் படித்துச் சொல்பவள் என் மனைவி நோரா. அவள் அதற்கு முன்பே இறந்துவிட்டாள். விஸ்மா வீட்டுச் சாவியைப் பற்றி ஏதோ எழுதியிருப்பாள் என்று நினைத்து டப்பாவில் போட்டேன். அவர்கள் சொல்லாமல் போய்விட்டார்கள் என்று ஒரு வருடம் மனதுக்குள் புழுங்கினேன். கடிதங்கள் வந்தன. அவற்றையும் டப்பாவில் போட்டேன். யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது? தபால்காரரிடமா?

போன டிசம்பரில், வகுப்பில் சேர்ந்து ஒன்பதாவது மாதம், அந்தச் சீட்டை நானே படித்தேன்.

"மாமா, வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். நீங்கள் வந்து எங்களை விமான நிலையத்தில் விட வேண்டும். வராவிட்டால் எனக்குப் புரிந்துவிடும். விஸ்மா."

அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம். அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

ஜூலை 24. ரீகா.

பை கிடைத்தது!

பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் கொடுக்கும் ஜன்னல். உள்ளே ஒரு பெண், முடியை இறுக்கிக் கொண்டை போட்டவள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் என் பை உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்கு முன்னால். கையை நீட்டினேன். அவள் ஒரு தாளை நீட்டினாள். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம்.

"கண்ணாடி கொண்டு வரலையே" என்று வாய் தானாகச் சொன்னது.

அவள் என் மூக்கைப் பார்த்தாள். அதன் மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு பேனாவையும் நீட்டினாள்.

எழுதினேன். பெயர். ஊர். பையின் நிறம். உள்ளே என்ன. பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஒருவர் பெருமூச்சு விட்டார். ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். வியர்வை சொட்டித் தாள் நனைந்தது. "கடிதங்கள்" என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு குண்டு ஆள் ஆங்கிலத்தில், "என்ன, நாவலா எழுதறீங்க?" என்றார். கொண்டைக்காரி அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அதோடு வரிசை அடங்கிவிட்டது.

அவள் படிவத்தை வாங்கி, முழுவதும் படித்து, முத்திரை குத்தினாள். என் எழுத்துக்கு முத்திரை! பையின் கைப்பிடியில் ஒரு ரொட்டிப் பொட்டலம் கட்டியிருந்தது. "ஓட்டுநர் வெச்சாரு. பெரியவர் பசியோட நிப்பாருன்னு" என்றாள். ஓட்டுநரா? என்னைப் பார்த்து ஒரு முறைகூடச் சிரிக்காத அந்த மனிதரா?

டப்பா பத்திரம். நான்கு கடிதம், ஒரு சீட்டு. எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

ஜூலை 25. ரீகா. காலை.

போக வேண்டாம்.

அட்டையை இன்று நூறாவது முறை படித்தேன். "வீட்டில் இருப்போம்." இருந்தால் எனக்கென்ன? எங்கள் ஊரில் கூப்பிடாத விருந்துக்கு ஒரு மனிதன் போவானா? வாசலில் நின்று கதவைத் தட்டினால், யார் கூப்பிட்டது என்று விஸ்மா கேட்டால்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறதே. ஏன் வரவில்லை, ஏன் எழுதவில்லை. என் பதில் என்ன? மார்ச் மாதம் நான் அன்ட்சேக்கு எழுதிய முதல் கடிதத்தில்கூட அதைச் சொல்லவில்லை. நான்கு வரி எழுதினேன். நலம், நலமா, பார்க்க ஆசை, மலாக்கி. கோழை.

இங்கேயே இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போகலாம். 28ஆம் தேதி காலை கௌனஸிலிருந்து விமானம். டிக்கெட்டை மாற்றவும் முடியாது, பணம் திரும்பி வரவும் வராது. அதனால்தான் அது மலிவு.

அதே நாள். மதியம்.

விடுதியில் துப்புரவு செய்யும் மிர்ட்சா வந்து என் கால்மாட்டில் விரிப்பை உருவினாள். ஐம்பது வயது இருக்கும். மூன்று வருடம் அயர்லாந்தில் காளான் பறித்தவள். இங்கே நான் சந்திப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் நாட்டில் காளான் பறித்திருக்கிறார்கள், மீதிப் பேரின் தங்கை பறித்திருக்கிறாள்.

"எழுந்திருங்க பெரியவரே. நாளைக்கு இந்தப் படுக்கை வேற ஆளுக்கு."

"இன்னும் ரெண்டு நாள் இருக்க முடியாதா?"

"நேத்து முழுக்க குல்டீகா, குல்டீகான்னு உயிரை எடுத்தீங்க. போகலையா?"

"கூப்பிடல."

அட்டையை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். பிறகு விரிப்புக் குவியல் மேல் உட்கார்ந்து சிரித்தாள். நான்கு நாளில் இந்தப் பக்கம் நான் பார்த்த முதல் சிரிப்பு, அதுவும் என்னைப் பார்த்து.

"பெயர் நாளுக்கு யாராவது கூப்பிடுவாங்களா? பிறந்த நாளுக்குத்தான் கூப்பிடறது. பெயர் நாளுக்கு வர்றவங்க தானா வருவாங்க. வீட்டுக்காரங்க பலகாரம் சுட்டு வெச்சுட்டுக் கதவைத் திறந்து போட்டிருப்பாங்க. வீட்ல இருப்போம்னு எழுதிட்டாளே, அதுக்கு மேல என்ன, பேண்டு வாத்தியம் வெச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?"

"நான் வந்தா யாருக்கும் பிடிக்கலைன்னா?"

"வந்தவங்களை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, பெரியவரே. யார் வரலைன்னுதான் பாத்துக்கிட்டு இருப்பாங்க." தலையணை உறையை உதறினாள். "நீங்க எத்தனை வருஷமா வரல?"

எழுந்து உட்கார்ந்தேன். அவள் அட்டையை என் சட்டைப் பையில் செருகிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

ஜூலை 26. காலை. ரீகா பஸ் நிலையம்.

அன்ட்சே என்பது அன்னாவின் செல்ல வடிவமாம். அவள் மட்டும் இல்லை. நாடு முழுக்க இருக்கும் எல்லா அன்னாக்களுக்கும் இன்றுதான் பெயர் நாளாம். நிலையம் முழுக்கப் பூவும் கேக்கும். முதல் பஸ்ஸில் இடம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது இப்போது வந்து நிற்கிறது. இதை விட்டால் மாலை ஆறு மணிக்குத்தான்.

ஆறு மணி. வேண்டாம். ஆறு மணி வேண்டாம்.

ஜூலை 26. மாலை. குல்டீகா.

வந்து சேர்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. மற்றதை நாளை எழுதுகிறேன்.

ஜூலை 27. குல்டீகா.

மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே பாத்திரச் சத்தம்.

ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். மூன்றாவது பஸ்ஸின் ஓட்டுநரும் இடம் இல்லை என்று கையை ஆட்டினார். எனக்கு அவர் மொழி தெரியாது. அட்டையை எடுத்து நீட்டினேன். படித்தார். என்னைப் பார்த்தார், நிலையத்தில் நான் வாங்கிய பூக்களைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் மூன்றாவது வரிசையில் ஏதோ சொன்னார். அங்கே ஜன்னலோர இருக்கையில் ஒரு கேக் உட்கார்ந்திருந்தது. கிளிங்கெரிஸ் என்று சொல்கிறார்கள். நம் கை அகலத்துக்கு நான்கு மடங்கு பெரிதாகக் கயிறு போல் முறுக்கி, திராட்சை போட்டுச் சுட்ட மஞ்சள் ரொட்டி. அதற்கு உரிமைக்காரி, கம்பளித் தொப்பி போட்ட அம்மாள், மனமே இல்லாமல் அதை மடிக்கு மாற்றினாள். முழுவதும் அவள் மடியில் அடங்கவில்லை. பாதியை என் மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வந்தேன். தும்மக்கூடப் பயம்.

பாதி வழியில் அந்த அம்மாள் என் பூக்களை விரலால் எண்ணினாள். பத்து. ஒரு கிழவியிடம் ஒன்பது வாங்கினேன், பக்கத்துக் கிழவி பாவமாகப் பார்த்தாள் என்று அவளிடம் ஒன்று. எண்ணி முடித்ததும் அம்மாளின் முகம் கறுத்துவிட்டது. தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யார் செத்தது?"

"யாரும் இல்லையே. பேத்தியோட பெயர் நாள்."

"பத்து சாவுக்கு! உசிரோட இருக்கறவளுக்கு இரட்டைப்படையிலயா கொண்டு போவீங்க?"

கேட்காமலே ஒன்றை உருவினாள். எழுந்து போய் ஓட்டுநரிடம் கொடுத்தாள். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதை வாங்கிக் கண்ணாடிக்கு முன்னால் செருகிக்கொண்டார். பத்தாவது பூ டெக்லனுடையது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மரவீடு. நடையில் காலணிகள் குவியலாகக் கிடந்தன. நானும் கழற்றினேன். இடது காலுறையில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்க்கிறது. பதினொரு ஆண்டுக்குப் பிறகு என்னில் முதலில் உள்ளே போனது அந்த விரல்தான்.

உள்ளே பதினைந்து பேர் இருப்பார்கள். பேச்சு நின்றது. நீல உடையில் உயரமான ஒரு பெண் எழுந்தாள். டெக்லனின் காது, அதே மாதிரி விரிந்த காது. அவள் என்னைப் பார்த்தாள்.

"தாத்தா" என்றாள். கேட்பது போலவும் இருந்தது, சொல்வது போலவும் இருந்தது.

பூவை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். மிர்ட்சா சொன்னது சரி, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விஸ்மா வந்து, பன்றிக்கறி வைத்துச் சுட்ட சின்ன ரொட்டிகளும் உருளைக்கிழங்குக் கலவையும் நிறைத்த தட்டை என் முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முடியில் நரை. தட்டை வைத்த கையில் டெக்லனின் மோதிரம்.

சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

பெரும்பாலானவர்கள் கிளம்பிய பிறகு சமையலறைக்குப் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"வியாழக்கிழமை. ஆறு மணி. அரை மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தோம், மாமா. தாத்தா வண்டி வரும், வரும்னு அன்ட்சே ஜன்னல்ல மூஞ்சிய அழுத்திக்கிட்டு நின்னா. கடைசியில டாக்சி பிடிச்சோம்."

"விஸ்மா..."

"புரிஞ்சுடுச்சு எனக்கு. என்னைக் கூட்டிட்டு வரத்தானே அவர் வண்டியை எடுத்தாரு. என் மூஞ்சில முழிக்க உங்களுக்குப் பிடிக்கல. சரி. ஆனா குழந்தை என்ன பண்ணா? நாலு லெட்டர் போட்டாளே! ஒரு வரி? ஒரே ஒரு வரி?"

என் கை மூக்கிற்குப் போனது. கண்ணாடியைத் தொட்டேன். கண்ணாடி இல்லை என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். அந்த வார்த்தை பல்லுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. அப்போ தெரியாது. போன வருஷம்தான் கத்துக்கிட்டேன்."

அவள் குழாயை மூடினாள்.

"என்ன?"

"சின்ன வயசுலயே வயலுக்கு அனுப்பிட்டாங்க. நோராதான் எல்லாத்தையும் படிப்பா. டெக்லனுக்குக்கூடத் தெரியாது. நீ வெச்ச சீட்டுல சாவி எங்கேன்னு எழுதியிருக்கும்னு நெனச்சேன்."

"சாவி." அவள் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "பதினொரு வருஷம்! பக்கத்து வீட்டுல குடுத்துப் படிக்கச் சொல்ல வாய் வரலையா?"

"வெட்கமா இருந்துச்சு."

"வெட்கமாம், வெட்கம்!" ஈரத் துணியைச் சுவரில் அடித்தாள். "நான் இத்தனை வருஷம் எதைச் சுமந்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" கதவை அறைந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். பையை எடுக்க வேண்டியதுதான். காலணி எங்கே, அந்தக் குவியலில் எது என்னுடையது—

அன்ட்சே வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அந்த லெட்டர்லாம் இருக்கா?" என்றாள்.

டப்பாவைத் திறந்தேன். முதல் கடிதத்தை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். "படிங்க."

விரலை வைத்துப் படித்தேன். "அன்புள்ள தாத்தா, இங்கே எங்களுக்கு ஒரு நாய் இருக்கிறது. அதன் பெயர் ரெக்ஸிஸ். அது தபால்காரரைக் கடிக்கும். அதனால் உங்கள் கடிதம் வரத் தாமதம் ஆகலாம்." தாமதம் என்ற இடத்தில் திக்கினேன். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றிக் காத்திருந்தாள். நானே சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

மூன்றாவது கடிதத்தின் நடுவில் தோட்டத்துக் கதவு திறந்திருந்ததைக் கவனித்தேன். விஸ்மா படியில் உட்கார்ந்திருந்தாள், முதுகு எங்கள் பக்கம். நான்காவதின் கடைசி வரி "இனிமேல் எழுத மாட்டேன்." அதையும் படித்தேன். விடவில்லை.

கடிதங்களை மடித்து டப்பாவில் வைத்தேன். பிறகு அந்த முதுகு பேசியது.

"மாடியில படுக்கை போட்டிருக்கு. காலுக்குக் குளிரும். பெட்டியில இன்னொரு போர்வை இருக்கு." கொஞ்சம் விட்டு, "அந்தக் காலுறையைக் கழட்டிப் போடுங்க. தைக்கணும்."

ஜூலை 28. குல்டீகா.

இன்று காலை பத்தரைக்குக் கௌனஸிலிருந்து என் விமானம் கிளம்பியது. மிக மலிவான இருக்கை. காலியாகப் போயிருக்கும்.

எழுந்து கீழே வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. விஸ்மா ரொட்டிக் கடை வேலைக்குப் போய்விட்டாள், அன்ட்சே காட்டில் கருநீலப் பழம் பறிக்கப் போயிருக்கிறாள். சமையலறை மேசையில், சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சீட்டு.

நின்றபடியே பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மாமா, பால் குளிர்பெட்டியில். காலுறை தைத்துக் கொடியில். எனக்கு ஆறு மணிக்கு வேலை முடியும். கடை வாசலுக்கு வந்து என்னைக் கூட்டிப் போங்கள். பை கனமாக இருக்கும். விஸ்மா."

ஐந்து மணிக்கே போய் நின்றேன்.